வீட்டுக் கொல்லையில் தேனீ: எரிக்காமல், மருந்தடிக்காமல்

மாசி, பங்குனி மாதங்களில் முருங்கையும் வேம்பும் பூக்கும்போது, நேற்றுவரை ஒன்றுமில்லாதிருந்த கொய்யாக் கிளையில் இன்று முற்பகல் இளம் பலாக்காய் அளவுக்கு ஒரு பழுப்புக் கொத்து தொங்குவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். கூர்ந்து பார்த்தால் அது முழுவதும் தேனீ. வீட்டில் ஒருவர் தீப்பந்தம் கட்டலாம் என்பார், இன்னொருவர் கரப்பான் மருந்துக் குப்பியை எடுத்து வருவார், அடுத்த வீட்டுக்காரர் மண்ணெண்ணெய் இருக்கிறது என்று மதிலுக்கு அப்பாலிருந்து குரல் கொடுப்பார். அந்த நேரத்தில் செய்ய வேண்டிய முதல் வேலை இந்த மூவரையும் நிறுத்துவதுதான். தேனீக்களை அப்புறம் கவனித்துக்கொள்ளலாம்.

கிளையில் வெறும் கொத்தாகத் தொங்கும் தேனீக்களுக்கு அங்கே கூடு இல்லை. ஒரு குடியில் தேனீக்கள் பெருகி இடம் போதாமல் போகும்போது, பழைய ராணி கூட்டத்தில் பெரும்பகுதியை அழைத்துக்கொண்டு வெளியேறி, புது இடம் அமையும்வரை ஒரு கிளையில் தங்குகிறது; இதைக் கூட்டம் பிரிதல் என்பார்கள். கிளம்பும் முன் தேனீக்கள் வயிறு நிறையத் தேன் குடித்திருக்கும், காப்பதற்கு அடையோ புழுவோ கிடையாது. ஆகவே அவை மிகச் சாதுவாக இருப்பது இந்த நேரத்தில்தான். வேவுபார்க்கும் தேனீக்கள் சுற்றுவட்டாரத்தில் பொந்து தேடிப் போய், திரும்பி வந்து, கொத்தின் மேலேயே ஆடிக்காட்டி இடத்தின் திசையையும் தொலைவையும் மற்றவற்றுக்குத் தெரிவிக்கின்றன. ஓர் இடத்தின் பக்கம் போதிய தேனீக்கள் சேர்ந்ததும் கூட்டம் முழுவதும் எழுந்து பறந்துவிடும். இது சில மணி நேரத்திலும் நடக்கலாம், இரண்டு மூன்று நாளும் ஆகலாம். அதுவரை குழந்தைகளையும் நாயையும் அந்தப் பக்கம் விடாமல், கல்லெறியாமல், தண்ணீர் பீய்ச்சாமல் இருந்தால் போதும். சும்மா இருப்பது வீட்டில் உள்ளவர்களுக்கு எவ்வளவு கடினம் என்பதை நான் அறிவேன். ஆனால் கொத்தாக வந்த கூட்டத்துக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை.

மூன்று நாள் கழித்தும் போகவில்லை, அல்லது கண்ணில் படும்போதே கூடு கட்டியிருந்தது என்றால், எந்தத் தேனீ என்று தெரியாமல் எதையும் தொடக்கூடாது. நம் ஊர்க் கொல்லைகளுக்குத் தாமாக வருபவை பெரும்பாலும் நான்கு வகை. சுவர் ஓட்டையிலிருந்து மெழுகும் பிசினும் கலந்த சிறு குழல் வெளியே நீட்டியிருந்து, அதன் வாயில் கொசு அளவுக்குக் கறுத்த பூச்சிகள் மொய்த்தால் அது கொசுத்தேனீ. வேலிச் செடியிலோ மருதாணிப் புதரிலோ ஒரு சிறு கிளையைச் சுற்றி உள்ளங்கை அகலத்தில் ஒற்றை அடை தொங்கினால் அது கொம்புத்தேனீ. மரப்பொந்து, மின்மீட்டர் பெட்டி, கவிழ்த்துவைத்த பானை போன்ற இருட்டான இடத்துக்குள் அடுக்கடுக்காகப் பல அடைகள் இருந்தால் அடுக்குத்தேனீ, அதாவது இந்தியத் தேனீ. உயர்ந்த மரக்கிளையிலோ தண்ணீர்த் தொட்டியின் அடியிலோ முறத்தைவிடப் பெரிதாக, சில வேளை மூன்றடி அகலத்துக்கு ஒற்றை அடை திறந்தவெளியில் தொங்கினால் அது மலைத்தேனீ. காகிதம் போன்ற பொருளால் கட்டிய கூடாக இருந்தால் அது தேனீயே இல்லை, குளவியோ கதண்டோ; அதற்கு இந்தக் கட்டுரை பொருந்தாது.

கொசுத்தேனீக்குக் கொடுக்கு இல்லை. அதை அப்படியே விட்டுவிடலாம். சுவருக்குப் பூச்சு வேலை செய்யும்போது மட்டும் அந்த ஓட்டையை அடைத்துவிடாதபடி கொத்தனாரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். கொம்புத்தேனீ கொட்டும், ஆனால் புதரை அசைத்தால் ஒழியத் தேடிவந்து கொட்டுவதில்லை. கிளையோடு வெட்டி வேறிடத்தில் கட்டிவைக்கலாம் என்று பலர் முயல்கிறார்கள். கலைத்தால் பெரும்பாலும் அடையை விட்டுவிட்டு அவை போய்விடுகின்றன. போன பிறகும் சில நாள் பழைய அடைக்குத் திரும்பி வந்து, மெழுகைச் சுரண்டிப் புதுக் கூட்டுக்கு எடுத்துச் செல்வதைப் பார்க்கலாம். எனவே வேலியைக் கத்தரிக்கும் வேலையைத் தள்ளிவைத்து, அந்த இடத்தில் ஒரு துணியைக் கட்டி அடையாளம் வைப்பதே போதுமானது.

மலைத்தேனீ விஷயம் வேறு. முக்கால் அங்குல நீளமுள்ள இந்தத் தேனீ, கூட்டைக் காக்கக் கிளம்பினால் கூட்டமாக வெகுதூரம் துரத்திவரும். வளர்ப்புக்கு அடங்காது, பெட்டியில் நிற்காது. ஆனால் அது நிரந்தரமாகக் குடியிருக்க வருவதும் இல்லை. பூக்காலத்துக்கு வந்து, பூ ஓய்ந்ததும் அடையை விட்டுவிட்டு வேறு திக்குக்குப் போய்விடும். கூடு நல்ல உயரத்தில், ஆள் நடமாட்டம் இல்லாத பக்கம் இருந்தால் அந்தச் சில மாதங்களைப் பொறுத்துக்கொள்வதே சரி. அந்த மரத்தடியில் அடுப்பு மூட்டவோ, குப்பை எரிக்கவோ, பட்டாசு வெடிக்கவோ கூடாது. இரவில் கூட்டை நோக்கி எரியும் விளக்குகளை அணைத்துவைக்க வேண்டும். வெளிச்சத்தைத் தேடி வந்து வாசலில் விழுந்து கிடக்கும் தேனீயைக் காலால் மிதித்தாலும் கொட்டும். தேன்பருந்து அடையைக் கொத்த வரும் நாளில் கீழே நிற்பவர்கள் எந்தத் தவறும் செய்யாமலேயே கொட்டுப்படுவார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

குழந்தைகள் நடக்கும் வழிக்கு நேர் மேலே, கை எட்டும் உயரத்தில் மலைத்தேனீ கட்டிவிட்டால் அகற்றத்தான் வேண்டும். அது வீட்டார் செய்யும் வேலை அல்ல. அனுபவமுள்ள தேன் எடுப்பவரையோ, தீயணைப்பு நிலையத்தையோ அழைக்க வேண்டும். தீயணைப்புக்கான எண் 101. வருபவரிடம் தீவைக்க வேண்டாம், இருட்டிய பிறகு புகை போட்டுத் தேனீக்களை விலக்கி அடையை மட்டும் அறுக்கும்படி வெளிப்படையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்காவிட்டால் பந்தம்தான் முதலில் வரும், ஏனென்றால் அது சீக்கிரம் முடியும். அடை போன பிறகும் தேனீக்கள் அதே இடத்தில் சில நாள் கொத்தாக இருந்து பிறகு கலையும் என்பதால், அந்த நாட்களிலும் அந்த வழியை மூடிவைக்க வேண்டும்.

தீயையும் மருந்தையும் இவ்வளவு மறுப்பது இரக்கத்தினால் மட்டும் அல்ல. பந்தம் பட்டதும் எரிந்து விழுபவை போக, உயிர்தப்பிய தேனீக்கள் திக்குத் தெரியாமல் தெரு முழுவதும் சிதறிக் கண்ணில் பட்டவரைக் கொட்டும். சுவருக்குள் மருந்தடித்தால் தேனீக்கள் செத்துப்போகும், அடை அப்படியே இருக்கும். விசிறிக் குளிர்விக்கத் தேனீ இல்லாததால் வெயிலில் மெழுகு இளகித் தேன் சுவர்வழியே கசியும், எறும்பும் மெழுகு அந்துப்பூச்சியும் வரும், செத்த புழுக்கள் நாறும். அந்த நஞ்சு கலந்த தேனை வேறு குடிகளின் தேனீக்கள் வந்து எடுத்துச் செல்லும்போது அந்தக் குடிகளும் அழியும்.

கொட்டுப்படுவதைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். தேனீயின் கொடுக்கு முள்ளுள்ளது. தோலில் சிக்கி, நச்சுப்பையோடு பிய்ந்து நின்று, அதன் பிறகும் நஞ்சை இறக்கிக்கொண்டிருக்கும். நகத்தாலோ கத்தி முதுகாலோ உடனே வழித்து எடுக்க வேண்டும். எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு விரைவாக எடுக்கிறோம் என்பதுதான் முக்கியம். கொடுக்கை எடுக்காமல் அதன் மேல் சுண்ணாம்பு தடவுவது எங்கள் வீட்டிலும் இருந்த வழக்கம். அதில் பயன் ஒன்றும் இல்லை. கொட்டிய இடத்திலிருந்து பழுத்த வாழைப்பழத்தின் வாசம் போன்ற ஒரு நெடி எழும். அது மற்ற தேனீக்களுக்கு விடுக்கும் அழைப்பு. எனவே அங்கேயே நின்று கையை வீசாமல், முகத்தை மூடிக்கொண்டு ஓடி வீட்டுக்குள் சென்று கதவைச் சாத்த வேண்டும். கொட்டிய இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிப் பனிக்கட்டி ஒற்றினால் வீக்கம் குறையும். உதடோ தொண்டையோ வீங்குதல், மூச்சுத் திணறல், உடல் முழுவதும் தடிப்பு, வாந்தி, மயக்கம் ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் ஒரே கொட்டு என்றாலும் 108-ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பல கொட்டு வாங்கியவரும், சிறு குழந்தையும், முதியவரும் அறிகுறி வரும்வரை காத்திருக்கக்கூடாது.

இனி அடுக்குத்தேனீ. மனமிருந்தால் கொல்லையிலேயே பெட்டியில் வைத்துக்கொள்ளக்கூடிய தேனீ இதுதான். மரப்பொந்தில் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் இருந்தால் அதை ஏன் தொட வேண்டும் என்பது என் கருத்து. மீட்டர் பெட்டியிலோ சன்னலை ஒட்டியோ இருந்தால்தான் மாற்றும் பேச்சே எழ வேண்டும். மீட்டர் பெட்டியானால் மின்வாரியப் பணியாளர் இணைப்பைத் துண்டிக்காமல் கை வைக்கக்கூடாது. முதல் முறை தேனீ வளர்ப்பவர் ஒருவரை அழைத்து, அவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது. கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் வட்டாரத்தில் அத்தகையவர்கள் நிறையப் பேர். மற்ற ஊர்க்காரர்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் தேனீ வளர்ப்புப் பயிற்சியும் உண்டு.

பெட்டி நியூட்டன் பெட்டியாக இருந்தால் போதும். 1911 முதல் 1917 வரை திருச்சிராப்பள்ளிப் பக்கத்தில் ஊர்மக்களுக்குத் தேனீ வளர்ப்பைக் கற்றுக்கொடுத்த நியூட்டன் பாதிரியார், இந்தியத் தேனீயின் சிறிய குடிக்கு ஏற்ப அமைத்த பெட்டி அது. அந்தி சாயும் நேரத்தில், முகவலை அணிந்து, தேங்காய் நாரில் கிளப்பிய இளம்புகையை வாயில் பக்கம் கொஞ்சமாக ஊத வேண்டும். புகை பட்டதும் தேனீக்கள் தேனைக் குடித்துக் கனத்துச் சாந்தமாகும். புகையை அள்ளிவிட்டால் மிரண்டு ஓடும். அடைகளை ஒவ்வொன்றாகக் கத்தியால் அறுத்து, புழுவும் முட்டையும் உள்ள அடையை மட்டும் மேல்பக்கம் மேலாகவே இருக்குமாறு பெட்டிக்குரிய மரச்சட்டத்தில் பொருத்தி, வாழைநாரால் கட்டிப் பெட்டிக்குள் இறக்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் தேனீக்களே மெழுகால் ஒட்டிவிடும், நாரைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். தேன் நிறைந்த அடையைக் கட்டினால் கனத்தில் அறுந்து விழும். ராணி மற்றவற்றைவிட நீண்டு, கறுத்திருக்கும். கிடைத்தால் ராணிக் கூண்டில் அடைத்துச் சட்டத்தில் தொங்கவிட வேண்டும், மற்றவை தாமே உள்ளே வந்து சேரும். ராணியை விரலால் அழுத்திப் பிடித்துவிட்டால் அத்தனை உழைப்பும் வீண்.

அடுக்குத்தேனீ ஓடிப்போகும் குணம் உடையது. ராணியைக் கூண்டிலிருந்து விட்ட பிறகும் சில நாள் வாசலில், பணித்தேனீ நுழைய முடிந்து ராணி நுழைய முடியாத ராணி அடைப்பைப் பொருத்திவைக்க வேண்டும். சர்க்கரையும் வெந்நீரும் சம அளவு கலந்து ஆறவைத்த பாகை, மூழ்காமல் உட்கார நாலைந்து குச்சிகள் போட்ட சிரட்டையில் ஊற்றி, மாலையில் பெட்டிக்குள் வைக்கலாம். கடைத் தேனையோ வேறு இடத்து அடையையோ வைக்க வேண்டாம். 1990களின் தொடக்கத்தில் கன்னியாகுமரிப் பகுதியின் பெட்டிகளைக் காலி செய்த சாக்புரூட் வைரஸ் போன்ற, தேனீப் புழுக்களைத் தாக்கும் நோய்கள் குடிக்குக் குடி பரவக்கூடியவை. பெட்டியை வைத்திருக்கும் தாங்கியின் நான்கு காலுக்கும் தண்ணீர் ஊற்றிய கிண்ணம் வைத்தால் எறும்பு ஏறாது.

நான் முதன்முதலில் செய்த தவறு இதற்குப் பிறகுதான். பெட்டி நிழலில் இருக்கட்டும் என்று மறுநாளே இருபதடி தள்ளி மாமரத்தடிக்கு மாற்றினேன். மாலைக்குள் மேயப்போன தேனீக்கள் எல்லாம் பழைய சுவரில் வந்து மொய்த்து நின்றன. இடத்தை மனத்தில் பதித்துக்கொண்டு பறப்பவை அவை. ஆகவே பெட்டியைப் பழைய கூடு இருந்த இடத்திலேயே வைத்து நாளுக்கு ஓரடியாக நகர்த்த வேண்டும், அல்லது இரவில் வாசலை வலையால் அடைத்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோய்விட வேண்டும். ஒரு வாரத்தில் தேனீக்கள் பின்னங்கால்களில் மஞ்சள் மகரந்தம் ஏந்தி உள்ளே போகத் தொடங்கினால் ராணி முட்டையிடுகிறது என்று பெரும்பாலும் நம்பலாம்.

காலியான பொந்தை அன்றே கவனிக்க வேண்டும். ஒட்டியிருக்கும் மெழுகைச் சுரண்டி, வெந்நீரால் கழுவி, சிமெண்ட் வைத்துப் பூச வேண்டும். இல்லாவிட்டால் மெழுகின் வாசத்துக்கு அடுத்த பங்குனியில் இன்னொரு கூட்டம் அதே பொந்துக்கு வரும். வரும் கூட்டத்துக்கு வேறு இடம் காட்ட விரும்புபவர்கள், சுரண்டிய மெழுகை ஒரு மண்பானையின் உட்புறம் தேய்த்து, வாயை மூடி, பக்கத்தில் விரல் நுழையும் அளவு ஓர் ஓட்டை இட்டு, வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்த்தபடி தென்னை நிழலில் கட்டிவைக்கலாம்.