சினாக்தென் சோதனை: ஊசி போடும் முன்பே நேரும் தவறுகள்

புதிதாகச் சேரும் இளம் மருத்துவர்கள் அட்ரீனல் சுரப்பிக்கான சினாக்தென் சோதனையைச் செய்வதைப் பார்க்கும்போது, நான் அந்த வயதில் செய்த பிழைகளையே அவர்களும் வரிசை மாறாமல் செய்வதைக் காண்கிறேன். அட்ரீனலைத் தூண்டப் பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஏ.சி.டி.எச். ஹார்மோனில் உள்ள 39 அமினோ அமிலங்களில் முதல் 24-ஐ மட்டும் கொண்ட டெட்ராகோசாக்டைட் (வணிகப் பெயர் சினாக்தென்) என்னும் மருந்தை 250 மைக்ரோகிராம் செலுத்தி, ஊசிக்கு முன்பும் 30, 60 நிமிடங்களிலும் இரத்தம் எடுத்து, அட்ரீனல் சுரக்கும் கார்டிசால் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பதே சோதனை. குழாயில் நேரம் குறிக்க மறப்பது போன்றவற்றை இங்கே நான் எழுதப் போவதில்லை.

"ஸ்டீராய்டு எடுக்கிறீர்களா?" என்று கேட்டு நிறுத்திக்கொள்வது

அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். ஓயாத சோர்வு, எழுந்து நின்றால் தலைசுற்றல். ஸ்டீராய்டு எடுக்கிறீர்களா என்று கேட்டேன், இல்லை என்றார். ஊசிக்கு முன் கார்டிசால் 17, ஒரு மணி நேரத்தில் 20. இயல்புக்கு எல்லையான டெசிலிட்டருக்கு 18 மைக்ரோகிராமைத் தாண்டிவிட்டதால் சுரப்பி நலமாக உள்ளது என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து, ஓயாத வாந்தியோடும் மிகத் தாழ்ந்த இரத்த அழுத்தத்தோடும் அவசரப் பிரிவுக்கு வந்தார். மகன் நீட்டிய மஞ்சள் பையில், மூட்டுவலிக்கென்று மருந்துக் கடையில் அட்டையோடு வெட்டிக் கொடுத்த செட் மாத்திரைகள் இருந்தன. அவற்றில் ஒன்று பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு. வலி கூடினால் போட்டு, குறைந்தால் விட்டு, இரண்டு ஆண்டுகள் ஓட்டியதில் சுரப்பி சோம்பிப் போயிருந்தது. சோதனை நாளன்று காலையிலும் ஒன்று போட்டிருக்கிறார். பல ஆய்வகக் கருவிகளுக்குப் பிரெட்னிசோலோனையும் கார்டிசாலையும் பிரித்தறியத் தெரியாது. ஆகவே நான் நம்பிய 17-இல் பெரும்பகுதி அவருடைய சுரப்பி தந்ததன்று. ஊசிக்குப் பின் வெறும் 3 கூடியதாவது என்னை உறுத்தியிருக்க வேண்டும்.

அவருக்கு அது ஸ்டீராய்டு அன்று, வலி மாத்திரை. ஆகவே வலிக்கு எதைப் போடுகிறீர்கள், கடையில் கேட்டு வாங்குவதுண்டா, மூட்டில் ஊசி போட்டார்களா, இழுப்பு மருந்தோ தோல் களிம்போ உண்டா என்று கேளுங்கள். மருந்துப் பையை மேசைமீது கொட்டச் சொல்லுங்கள். பெண்களிடம் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை பற்றியும் கேளுங்கள். அது கார்டிசாலைப் பிணைக்கும் புரதத்தைக் கூட்டி எண்ணைப் பொய்யாக உயர்த்தும். "ஸ்டீராய்டு: இல்லை" என்று மட்டும் எழுதிய தாளைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது.

18 என்பதை வேதவாக்காகக் கொள்வது

புதிய கருவிகள் சிலவற்றில் எல்லை 14, 15 வரை இறங்குகிறது. ஆய்வகத்தைக் கேளுங்கள்.

மருந்து மாறுவது

டெப்போ என்று எழுதியிருந்தால் அது உடலில் மெல்லக் கலந்து நெடுநேரம் வேலை செய்யும் வேறு மருந்து. சினாக்தென் கிடைக்காதபோது இந்தியாவில் நாம் பயன்படுத்தும் ஆக்டான் புரொலாங்கேட்டம் என்னும் ஏ.சி.டி.எச். மருந்தைத் தசையில் மட்டுமே போட வேண்டும்.

பிட்யூட்டரி அறுவை முடிந்த சூட்டோடு சோதிப்பது

மேலே பிட்யூட்டரியிலிருந்து கட்டளை நின்றாலும் அட்ரீனல் சுருங்கச் சில வாரங்கள் ஆகும். அதுவரை ஊசிக்கு நன்றாகவே பதில் தந்து உங்களை ஏமாற்றும்.

நோயாளி சரியும்போது சோதனைக்குக் காத்திருப்பது

காத்திருக்காதீர்கள். ஒரு குழாய் இரத்தம் எடுத்துவிட்டு, உடனே ஹைட்ரோகார்டிசோன் 100 மில்லிகிராம்.