ஆயிலைத் தொட்டுப் பாத்துட்டு விலை பேசுங்க

2017ல அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு வந்துச்சு. அதுக்கு முன்னாடி முகுந்தராயர் சத்திரத்துல ஆள் ஏத்திக்கிட்டு, மணல்லயும் கடல் தண்ணிலயும் தனுஷ்கோடிக்கு, நாலு சக்கரமும் இழுக்கிற ஃபோர் வீல் வேன் ஓட்டினவன் நான். ஒன்பது வருஷம். அத்தனை வருஷத்துல எஞ்சின் என்னை நடு வழியில விட்டது ரெண்டே தடவைதான். கியர் பாக்ஸும், சக்கரத்தைச் சுத்துற பல்லுங்க இருக்கிற ஆக்சில் ஹவுசிங்கும் விட்டதுக்குக் கணக்கே இல்ல. இப்ப உச்சிப்புளியில வீட்டோட இருக்கேன். சொந்தத்துல யாரு பழைய மஹிந்திரா ஸ்கார்ப்பியோ, பொலிரோ, தார்னு பாக்கக் கிளம்பினாலும் என்னையும் வண்டியில ஏத்திக்குவாங்க. அவங்ககிட்ட வாயால சொல்றதை இங்க எழுதி வைக்கிறேன்.

போன மாசம் அக்கா மகனோட கீழக்கரைப் பக்கம் ஒரு ஃபோர் வீல் ஸ்கார்ப்பியோ பாக்கப் போனேன். மீட்டர்ல 68 ஆயிரம். பெயிண்ட்ல முகம் பாக்கலாம். "ஒரே ஓனர்ணே, ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும்தான் எடுப்போம்"னாரு வண்டிக்காரர். நான் பின்பக்கம் போய்க் குனிஞ்சேன். இழுவைக் கொக்கியோட குண்டு தேய்ஞ்சு வெள்ளி மாதிரி மின்னுது. கல்யாணத்துக்குப் போற வண்டி எதை இழுத்துச்சு? படகைத்தான்.

கடலோரத்துல கியர் பாக்ஸைக் கொல்றது கிலோமீட்டர் இல்ல, உப்புத் தண்ணி. ஓடின வண்டியில ஹவுசிங் சூடா இருக்கும். அதை அப்படியே தண்ணியில இறக்கினா உள்ள இருக்கிற காத்து குளிர்ந்து சுருங்கும். சுருங்கினா வெளிய இருந்து எதையாவது உள்ள இழுக்கும். ஹவுசிங் மூச்சு விடுற சின்னக் குழாய், அதான் பிரீதர் குழாய், தண்ணிக்கு மேல திறந்திருந்தா காத்தை இழுக்கும். மணல் அடைச்சிருந்தாலோ முழுகியிருந்தாலோ தண்ணியை இழுக்கும், ஆயில் சீல் வழியாவும் கசியும். அன்னைக்கு ஒண்ணும் தெரியாது. பேரிங்ல உப்பு ஊறி, புள்ளி புள்ளியா அரிச்சு, ஊளைச் சத்தம் வர ஆரம்பிக்கும்போது வண்டி வேற கைக்குப் போயிருக்கும்.

அதனால மெக்கானிக் ஒருத்தருக்குக் கூலி கொடுத்துக் கூட்டிட்டுப் போங்க. கியர் பாக்ஸ், ஃபோர் வீல்னா முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இழுவையைப் பிரிச்சு விடுற டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் ஹவுசிங், பின் ஹவுசிங், நாலுலயும் ஆயில் ஊத்துற போல்ட்டைக் கழட்டி விரலை விட்டுப் பாருங்க. ஆயில் தேன் நிறத்துலயோ கறுப்பாவோ இருக்கலாம், பால் ஊத்தின டீ மாதிரி இருந்தா தண்ணி கலந்திருக்கு. விரலை வெயில்ல காட்டுங்க. தங்கப்பொடி மாதிரி மினுமினுத்தா அது பித்தளை, கியர் பாக்ஸ்ல, கியர் உரசாம விழ வைக்கிற வளையமான சிங்க்ரோ ரிங் தேயுதுன்னு அர்த்தம். அடி போல்ட்ல காந்தம் இருந்தா, அதுல மை மாதிரி இரும்புக் குழைவு ஒட்டியிருக்கிறது வழக்கம்தான். நகத்துல நிக்கிற அளவு சில்லு இருந்தா பல் உடைஞ்சிருக்கு. ஒண்ணு மறக்காதீங்க: முதல்ல மேல் போல்ட், அப்புறம்தான் அடி போல்ட். மேல உள்ளது துருப்பிடிச்சு வராமப் போச்சுன்னா, ஆயிலை வடிச்சுட்டு அடுத்தவர் வண்டியோட திருதிருன்னு முழிக்கணும்.

ஓட்டிப் பாக்குறதுக்குக் காலையில போங்க, "நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணாதீங்க"ன்னு முன்னாடியே சொல்லிடுங்க. போனதும் பானெட்ல கை வைங்க. சூடா இருந்தா எதையோ மறைக்கிறாங்க. சத்தம் போடுற கியர் பெட்டியில 90 நம்பர் ஆயிலுக்குப் பதிலா அதைவிடக் கெட்டியான 140 ஊத்தி வாயை அடைக்கிறது பழைய வித்தை. குளிர்ந்த நிலையில கியர் கல்லு மாதிரி விழுறதை வச்சு அதைக் கண்டுபிடிச்சிடலாம்.

நியூட்ரல்ல வச்சு, கிளட்ச்ல இருந்து காலை எடுத்துட்டுக் காது கொடுங்க. சத்தம் வந்து, கிளட்ச்சை மிதிச்சதும் நின்னா பெட்டிக்குள்ள முன் பேரிங். மிதிச்சா மட்டும் சத்தம் வந்தா கிளட்ச்சை விடுவிக்கிற ரிலீஸ் பேரிங். எப்படியும் பெட்டியை இறக்கித்தான் ஆகணும். ரிவர்ஸ்ல வர்ற 'ங்ங்ங்'குக்குப் பயப்படாதீங்க, பல வண்டியில ரிவர்ஸ் பல் நேரா வெட்டினது, அது அப்படித்தான் கத்தும்.

ஸ்டியரிங் உங்க கையில இருக்கட்டும். விக்கிறவர் பழைய டிரைவரா இருந்தா, ஒரு கியர் மாத்த ரெண்டு தடவை கிளட்ச் மிதிக்கிற டபுள் கிளட்ச் அடிச்சு, செத்த சிங்க்ரோவையும் வெண்ணெய் மாதிரி ஓட்டிக் காட்டிடுவாரு. நானே அப்படி ஓட்டிக் காட்டியிருக்கேன், ஓனர் சொன்னாருன்னு. கிழக்குக் கடற்கரைச் சாலையில ஏர்வாடிப் பக்கம் நேர் ரோடு கிடைக்கும். மூணாவது கியர்ல 50 தொட்டுட்டு ஆக்சிலரேட்டரைச் சட்டுன்னு விடுங்க. கியர் தானா நியூட்ரலுக்குத் துள்ளினா வண்டியைத் திருப்பிக் கொடுத்துட்டு வந்துடுங்க. அடுத்து மூணுல இருந்து ரெண்டுக்கு, அவசரமா. கரகரன்னா சிங்க்ரோ.

கிளட்ச் சிலிப்பைப் பாக்க மேடு வேணும். நம்ம மாவட்டத்துல ஏது மேடு? பாம்பன் ரோட்டுப் பாலம்தான். மண்டபம் பக்கமிருந்து நாலாவது கியர்ல 50ல ஏறி ஆக்சிலரேட்டரை முழுசா மிதிங்க. ஆர்.பி.எம். முள் எகிறி வேகம் ஏறலன்னா கிளட்ச் பிளேட் முடிஞ்சது. வேடிக்கை பாக்க நடுவுல நிறுத்துற கூட்டத்துல ஒருத்தரா நீங்களும் நின்னுடாதீங்க.

ஃபோர் வீலை மணல்லயே போட்டுப் பாருங்க. தார் ரோட்டுல போட்டு வளைச்சா நல்ல வண்டிகூட இறுகும், அதை வச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது.

ஆட்டோமேட்டிக்ல எனக்கு அனுபவம் கம்மி. பிரேக்கை மிதிச்சுக்கிட்டு டி, ஆர் மாத்தும்போது ரெண்டு செகண்டுக்கு மேல யோசிச்சாலோ, 'டொக்'குன்னு உதைச்சாலோ, ஆயில் கருகின வாடை அடிச்சாலோ வேண்டாம்பேன். ஒரு வண்டியைப் பேர் சொல்லியே எச்சரிக்கலாம். ஃபோர்டு எக்கோஸ்போர்ட், 2013ல இருந்து 2017 வரைக்கும் வந்த பெட்ரோல் ஆட்டோமேட்டிக். அந்த 'பவர்ஷிஃப்ட்' இரட்டைக் கிளட்ச் பெட்டி வச்ச வண்டிகளோட புகார்களைக் கையாண்ட விதத்துக்காக 2018ல ஆஸ்திரேலிய நீதிமன்றம் ஃபோர்டுக்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டுச்சு. 2017 கடைசியில வந்த மாடல்ல பெட்டியையே மாத்திட்டாங்க. விலை கம்மியா இருக்கேன்னு விழுந்துடாதீங்க, வருஷத்தைப் பாருங்க.

தூத்துக்குடி, சென்னை நம்பர் வண்டியா இருந்தா, 2023 டிசம்பர் வெள்ளத்துல நின்னதான்னு இன்சூரன்ஸ் கிளைம் விவரம் கேளுங்க. அங்கயும் இதே ஆயில் சோதனைதான்.

கீழக்கரை ஸ்கார்ப்பியோவோட பின் ஹவுசிங்ல விரல் விட்டேன். அசல் டீ. "ஆயில் மாத்தினா சரியாயிடும்ணே"னாரு. "பேரிங் செட்டும் கூலியும் கழிச்சுக்குங்க தம்பி, இப்பவே எடுத்துக்கிறோம்"னேன். கழிக்க மாட்டேன்னுட்டாரு. மருமகனுக்கு மனசு கேட்கல, திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே வந்தான்.

ரெண்டு வாரம் கழிச்சுப் பரமக்குடியில ஒரு பொலிரோ. பெயிண்ட் மங்கல், மீட்டர் ஒண்ணே கால் லட்சம். ஹவுசிங் ஆயில் சுத்தம், பெட்டி ஆயில்ல மட்டும் தங்கப்பொடி. அதைக் காட்டி விலையைக் குறைச்சு வாங்கிட்டோம். பெட்டியை இறக்க இன்னும் காசு சேரல. அதுவரைக்கும் "ரெண்டுக்கு இறக்கும்போது ஒரு நொடி நின்னு போடு மாப்ள"ன்னு சொல்லியிருக்கேன். போட்டுக்கிட்டுத்தான் இருக்கான்.