பழைய எஃகுக் குழாய் மேசையில் துரு நீக்குவது எப்படி?

1925, 26 வாக்கில் ஜெர்மனியின் பௌஹவுஸ் கலை, வடிவமைப்புப் பள்ளியில் மார்செல் பிராயர் வடிவமைத்த குழாய் மேசைகளின் கால்கள் தரையோடு படிந்து கிடக்கும். அந்தப் பாணியில் வந்த எந்த மேசையானாலும், நம் சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் முதலில் துருப்பிடிப்பது அந்த அடிக்குழாய்தான். தரை துடைத்த ஈரம் அங்கேதான் தங்கும்.

கைவைக்கும் முன் எஃகின் மேலுள்ள உலோகப் பூச்சு (முலாம்) நிக்கலா, குரோமியமா என்று பாருங்கள். குளியலறைத் தண்ணீர்க் குழாயின் பூச்சு பெரும்பாலும் குரோமியம். அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நிக்கல் லேசாக மஞ்சள் ஓடித் தெரியும், குரோமியம் நீலம் கலந்த வெள்ளை. திருகுகளையும் கவனியுங்கள். கூட்டல் குறி போட்ட தலை 1930களின் நடுவில்தான் பரவத் தொடங்கியது. அது இருந்தால் திருகு பின்னாளில் மாற்றப்பட்டிருக்கலாம், அல்லது மேசையே பிந்தியது.

பலகையைக் கழற்றித் தனியே வையுங்கள். எந்தத் திருகு எந்தத் துளை என்று குறித்துக்கொள்ளுங்கள். துருவின் மேல் தையல் மெஷின் எண்ணெய் தடவி ஓர் இரவு ஊறவிடுங்கள். குரோமியமானால், அலுமினியத் தாளைக் கசக்கி எண்ணெயில் நனைத்து, அழுத்தாமல் தேயுங்கள். அலுமினியம் குரோமியத்தைவிட மென்மையானது என்பதால் கீறல் விழாது. நிக்கல் அந்த அளவுக்குத் தாங்காது. எண்ணெய் தொட்ட பருத்தித் துணி மட்டும் போதும், கறை முழுதும் போகாவிட்டாலும் நிறுத்திவிடுங்கள்.

வினிகர், கழிவறை அமிலம், குளோரின் கலந்த திரவம் எதுவும் வேண்டாம். பூச்சில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். அமிலம் அவற்றின் வழியே இறங்கி எஃகை அரிக்க, பூச்சு மேலே செதில் செதிலாகக் கழன்றுவிடும். புதிதாக முலாம் பூசுவதிலும் இதே ஆபத்து: பழைய பூச்சை அமிலத்தில் கரைக்கும்போது திருகுத் துளை வழியாக அது குழாய்க்குள் புகுந்து, உள்ளிருந்தே துருவேற்றும். மூல முலாம் போனால் மேசையின் மதிப்பும் போய்விடும். மங்கலான அசல் முலாமே மேல்.

எண்ணெயைத் துடைத்தெடுத்த பின், திருகுத் துளைகளில் முடி உலர்த்தியை மிதமான சூட்டில் 10 நிமிடம் காட்டுங்கள். பிறகு தேய்ப்புத்தூள் கலக்காத கார் மெழுகை மெல்லியதாகப் பூசி, காய்ந்ததும் மெருகேற்றுங்கள். 3 மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்யலாம். கடற்காற்று அடிக்கும் மரின் பரேட் பக்கமென்றால் மாதம் ஒருமுறை நல்லது.

இங்கே விடியற்காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். இரவெல்லாம் ஏர்கான் ஓடிய அறையின் சன்னலைக் காலையில் சட்டென்று திறந்தால், குளிர்ந்த குழாயில் முத்து முத்தாக நீர் கோக்கும். மேசையை அந்த அறையில் வைக்காதீர்கள். அடியில் கம்பளித் திண்டு ஒட்டினால் அது நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; நைலான் பட்டை போடுங்கள்.