அட்மிஷன் முதல் டிஸ்சார்ஜ் வரை: வார்டுக்குப் புதிதாக வரும் செவிலியருக்கு

புதிதாக வருபவர்கள் ஊசி போடத்தான் பயப்படுவார்கள். எனக்கு அதைவிடப் பயம், நோயாளி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும் நேரம். 2007-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஒன்பது பாதுகாப்பு வழிமுறைகளில் மூன்று இதைப் பற்றித்தான்: ஆளைச் சரியாக அடையாளம் காண்பது, ஹேண்ட்ஓவர் (விவரம் சொல்லி நோயாளியை அடுத்தவரிடம் ஒப்படைப்பது), இடம் மாறும்போது மருந்துப் பட்டியலைச் சரிபார்ப்பது.

படி 1: அட்மிஷன்

"நீங்கள்தான் இன்னாரா?" என்று கேட்காதீர்கள். காது மந்தமானவரும் மயக்கத்தில் இருப்பவரும் எதற்கும் தலையாட்டிவிடுவார்கள். "உங்கள் பெயர் என்ன, பிறந்த தேதி என்ன?" என்று கேட்டு, அவர் வாயால் சொல்வதைக் கைப்பட்டையோடு ஒப்பிடுங்கள். படுக்கை எண் அடையாளம் ஆகாது, படுக்கை மாறும்.

அப்புறம் காய்ச்சல், நாடி, மூச்சு, பிபி, ஆக்சிஜன் அளவு, வலி. எடையை மட்டும் கேட்டு எழுதாமல் நிறுத்துப் பாருங்கள், பல மருந்துகளின் அளவு அதை வைத்துத்தான். ஒவ்வாமை உண்டா, வீட்டில் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்கும்போது நாட்டு மருந்தையும் கண் சொட்டு மருந்தையும் சேர்த்துக் கேளுங்கள், ஏனென்றால் பலர் அவற்றை மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அழைப்பு மணி கைக்கெட்டுகிறதா, கட்டில் சக்கரம் பூட்டியிருக்கிறதா? சரி, அடுத்தது.

படி 2: வேறு வார்டுக்கு மாற்றுவது

கிளம்பும் முன்பே அங்கே போன் செய்து, படுக்கை தயாரா என்று கேட்டுவிடுங்கள். ஆக்சிஜன் கணக்கு போடுங்கள்: நிமிடத்துக்கு 5 லிட்டர், பயணம் 20 நிமிடம் என்றால் 100 லிட்டர். லிஃப்டுக்குக் காத்திருக்கும் நேரத்தையும் நினைத்து இரண்டு மடங்காவது கையில் இருக்கட்டும். யூரின் பேக் எப்போதும் இடுப்புக்குக் கீழேதான்.

ஹேண்ட்ஓவரில் நான்கு விஷயம்: இப்போது எப்படி இருக்கிறார், எதற்காக வந்தார், நீங்கள் பார்த்தது என்ன, இனி என்ன செய்ய வேண்டும். கடைசியாகக் கொடுத்த மருந்தின் நேரத்தையும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அதே டோஸ் இரண்டாம் முறை போய்விடும்.

படி 3: டிஸ்சார்ஜ்

வந்த அன்று எழுதிய மருந்துப் பட்டியலை எடுத்துப் புதிய சீட்டின் பக்கத்தில் வையுங்கள். எது நின்றது, எது புதிது, எதன் அளவு மாறியது? வேறு பெயரில் ஒரே மருந்து இரண்டு இருந்தால் உடனே டாக்டரிடம் கேளுங்கள். "புரிந்ததா?" என்றால் எல்லாரும் ஆமாம் என்பார்கள், அதனால் "வீட்டில் எப்படிச் சாப்பிடுவீர்கள், சொல்லுங்கள் பார்க்கலாம்" என்று கேட்பதுதான் என் வழக்கம். எந்த அறிகுறி வந்தால் உடனே திரும்பி வர வேண்டும், மறுபரிசோதனை எப்போது என்பதை எழுதியே கொடுங்கள்.

கடைசியாகச் சட்டைக் கையை மடக்கிப் பாருங்கள், கேனுலா (மருந்து ஏற்ற ரத்தக்குழாயில் செருகிய சிறு குழாய்) அப்படியே இருக்கும். அதை எடுத்து, ரத்தம் நிற்கும்வரை அழுத்திப் பிடித்து (ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் கூடுதல் நேரம்), நேரத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதிய பிறகு வீல்சேரைக் கூப்பிடுங்கள்.