நாடுகடத்தலுக்கு எதிரான மனு: இணைப்புப் பட்டியலில் கிடைத்த வழி

1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து கேரளத்தின் புனலூர் ரப்பர் தோட்டத்தில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. டொரொண்டோவில் உள்ள பெரியம்மா மகனின், நாடுகடத்தலுக்கு முந்தைய ஆபத்து மதிப்பீட்டு மனு நிராகரிக்கப்பட்டதும், காகிதம் திரட்டும் பொறுப்பு என்னிடம் வந்தது.

புதிய கடிதங்கள், செய்தித்தாள் நறுக்குகள் எனக் கிடைத்தவற்றையெல்லாம் அனுப்பினேன். வழக்கறிஞர் எதையும் ஏற்கவில்லை. கனடாவின் கூட்டாட்சி நீதிமன்றம் ஆபத்தைப் புதிதாக எடைபோடுவதில்லை. மனுவை நிராகரித்த அதிகாரியின் முன் இருந்த ஆவணங்களைக் கொண்டு, அவர் முடிவு நியாயமானதா என்றே பொதுவாகப் பார்க்கிறது. கனடாவுக்குள் எடுக்கப்பட்ட முடிவென்றால், அது அறிவிக்கப்பட்ட 15 நாட்களுக்குள், அதை நீதிமன்றம் மறுஆய்வு செய்ய அனுமதி கோரும் மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும். அதனால் மட்டும் வெளியேற்றம் நின்றுவிடாது. தடையாணைக்குத் தனியே கேட்க வேண்டும். இது பலருக்குத் தெரிவதில்லை என்பதே என் கவலை.

பிறகு, அதிகாரியின் காரண அறிக்கையை, முன்பே அனுப்பிய இணைப்புப் பட்டியலோடு வரிவரியாக ஒத்துப் பார்த்தேன். தனிப்பட்ட ஆபத்துக்குச் சான்று இல்லை என்று எழுதிய அவர், அகதிக் கோரிக்கை தள்ளுபடியான பின் வீட்டுக்கு வந்து அண்ணனைப் பற்றி விசாரித்தவர்கள் குறித்துப் பெரியம்மா அளித்த சத்தியக்கடதாசியை (உறுதிமொழிப் பத்திரம்) குறிப்பிடவே இல்லை. பட்டியலில் அது பிறப்புச் சான்றிதழுக்கும் திருமணச் சான்றிதழுக்கும் நடுவே, ‘குடும்ப ஆவணங்கள்’ என்ற தலைப்பின் கீழ் இருந்தது. பதிவேற்ற ரசீதிலும் அதன் பெயர் இருந்தது.

முடிவுக்கு நேர் எதிரான முக்கியச் சான்று கண்டுகொள்ளப்படவில்லை என்ற அந்த ஒரே வாதத்தில் தடையாணையும், பின்னர் அனுமதியும் கிடைத்தன. நீதிபதி முடிவை ரத்துசெய்து, வேறோர் அதிகாரியின் மறுமதிப்பீட்டுக்கு அனுப்பினார். இம்முறை சத்தியக்கடதாசி தனித் தலைப்புடன் முதல் இணைப்பாகச் சென்றிருக்கிறது.