மாலை வகுப்பில் கற்றதைக் காலையில் பட்டறைக்குக் கொண்டுபோகும்போது

கோவையில் டிப்ளமோ முடித்துப் பட்டறை வேலையில் இருந்துகொண்டே பகுதிநேர பி.இ. படிப்பவர்களுக்கு, மாலையில் கரும்பலகையில் கண்ட சூத்திரம் மறுநாள் காலை மெஷின் முன்னால் நினைவுக்கு வருவது பெரிய வாய்ப்பு. ஆனால் அது எந்த நிபந்தனையில் பொருந்தும் என்பதை வகுப்பிலேயே விட்டுவிட்டு, விடையை மட்டும் எடுத்து வருவதால்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன.

தரக் கட்டுப்பாட்டுப் பாடம் நடக்கும் வாரத்தில் சிஎன்சி லேத்தில் (கணினி இயக்கும் கடைசல் இயந்திரத்தில்) நிற்பவர் செய்யும் தவறு, ஒவ்வொரு பீஸையும் அளந்து, அது விலகிய அளவை உடனுக்குடன் ஆஃப்செட்டில் (டூலின் நிலையை நுண்ணளவில் நகர்த்தும் அமைப்பில்) திருத்துவது. நிலையாக ஓடும் மெஷினில் ஒரு பீஸ் 4 மைக்ரான் கூடியும் அடுத்தது 3 மைக்ரான் குறைந்தும் வருவது இயல்பு. அதைத் துரத்தித் திருத்தினால், முந்தைய பீஸின் விலகலும் அடுத்த பீஸின் மேல் ஏறிக்கொள்ளும். அளவுகளின் சிதறலைக் காட்டும் திட்டவிலக்கம் ஏறத்தாழ 1.4 மடங்காகும். நானும் ஒரு ஷிஃப்ட் முழுவதும் இப்படித் திருத்திக்கொண்டே இருந்தேன். அடுத்த ஷிஃப்டுக்கு வந்த மூத்த ஆபரேட்டர் ஆஃப்செட் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, மெஷின அதுபாட்டுக்கு ஓட உடுங்க" என்றார். அவர் சொன்னதுதான் என் பாடப்புத்தகத்திலும் இருந்தது. நான்தான் அந்தப் பக்கத்தைத் தேர்வுக்காக மட்டும் படித்திருந்தேன். ஐந்து பீஸ்களின் சராசரியைக் கண்ட்ரோல் சார்ட்டில் (அளவுகளை வரிசையாகப் புள்ளி வைத்துப் பார்க்கும் வரைபடத்தில்) குறித்து, புள்ளி கட்டுப்பாட்டு எல்லையைத் தாண்டும்போதோ, வெட்டும் முனையான இன்சர்ட் தேய்வதால் புள்ளிகள் தொடர்ந்து ஒரே பக்கமாக ஏறும்போதோ கை வைத்தால் போதும். அந்த எல்லைக் கோடுகளுக்குப் பதிலாக டிராயிங்கில் உள்ள டாலரன்ஸை (அளவு கூடக்குறைய இருக்க அனுமதித்த வரம்பை) வரைந்துவிடுபவர்களும் உண்டு. டாலரன்ஸ் வாடிக்கையாளர் கேட்பது. கட்டுப்பாட்டு எல்லையோ மெஷின் ஓடிய விதத்திலிருந்து கணக்கிடப்படுவது.

வெப்ப விரிவைப் படித்தும் அதை அளவெடுக்கும்போது மறந்துவிடுவது இன்னொரு தவறு. 50 மி.மீ. எஃகுத் தண்டு மைக்ரோமீட்டரைவிட 30 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால், அதன் விட்டம் ஏறத்தாழ 0.017 மி.மீ. பெரிதாகத் தெரியும். அந்த அளவுக்கு h6 (50-க்குக் கீழே மட்டும் விலக அனுமதிக்கும் ஒரு நிலையான வகை) டாலரன்ஸே 0.016 மி.மீ.தான். மெஷினிலிருந்து எடுத்தவுடன் 49.995 காட்டித் தேறிய தண்டு, ஆறியபின் 49.978 ஆகி, 49.984 என்ற கீழ் எல்லைக்கும் கீழே போய்விடும். இதற்கு நேர்மாறாக, அளவீட்டுக்கான நிலையான வெப்பநிலை 20 டிகிரி என்று படித்துவிட்டு, 32 டிகிரியில் இயங்கும் பட்டறையில் எடுத்த அளவுகள் எல்லாமே பிழை என்று வாதிடுவதும் பொருந்தாது. எஃகுத் தண்டும் அதை அளக்கும் எஃகு கேஜும் ஒரே சூட்டில் இருந்தால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே விரியும். அலுமினிய பீஸ் என்றால் கவனம் தேவை, ஏனெனில் அது எஃகைப்போல் இரு மடங்கு விரியும்.

வெட்டு வேகத்துக்கான பழைய அட்டவணைகள் பல ஹைஸ்பீடு ஸ்டீல் டூலுக்கானவை. நிமிடத்துக்கு 30 மீட்டர் என்று வைத்து 40 மி.மீ. தண்டுக்குக் கணக்கிட்டால் சுமார் 240 ஆர்பிஎம் வரும். கார்பைடு இன்சர்ட்டுக்கு அது மிகக் குறைவு. சரியான வரம்பு இன்சர்ட் பெட்டியின் மேலேயே அச்சிட்டிருக்கும்.

கணக்கு சரியாகவே இருந்தாலும், சூப்பர்வைசரிடம் சொல்லாமல் செட்டிங்கை மாற்றக் கூடாது. பழைய அளவைக் குறித்துவைத்து, அவர் முன்னிலையில் சில பீஸ்கள் ஓட்டிக் காட்டுவதே முறை. அந்த அளவு ஏன் வைக்கப்பட்டது என்று அவரிடம் கேட்டாலே, நாம் அறியாத காரணம் ஒன்று வெளிவரக்கூடும்: மெல்லிய பீஸ் அதைப் பிடிக்கும் சக்கில் நசுங்குவது, பழைய ஸ்பிண்டிலின் (சுழலும் அச்சின்) அதிர்வு, சில்லு சுற்றிக்கொள்வது.

பட்டறையிலிருந்து வகுப்புக்குக் கொண்டுபோவதிலும் எச்சரிக்கை வேண்டும். புராஜெக்டுக்காக வாடிக்கையாளரின் டிராயிங்கைச் செல்பேசியில் படமெடுத்து அறிக்கையில் ஒட்டுவது வேலைக்கே உலை வைக்கும். முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கி, பார்ட் எண்ணையும் வாடிக்கையாளர் பெயரையும் நீக்கி, தேவையான பகுதியை மட்டும் நீங்களே புதிதாக வரைந்து கொடுங்கள்.