இரும்புச்சத்துக் கம்பு: விதை வாங்கினால் மட்டும் போதாது

இரும்புச்சத்து கூடுதலாக உள்ள தனசக்தி கம்பு என்றதும் பலர் கேட்பது, "ரேஷன் அரிசி மாதிரி இதுவும் கலந்ததா?" என்றுதான். இல்லை. செறிவூட்டிய அரிசி என்பது நூறு கிலோவுக்கு ஒரு கிலோ சத்தேற்றிய மணியைக் கலப்பது. இங்கே செடியே மண்ணிலிருந்து இரும்பைக் கூடுதலாக எடுத்துத் தன் மணியில் சேர்த்துக்கொள்கிறது. மரபணு மாற்றமும் கிடையாது. டோகோ நாட்டுக் கம்பின் வழிவந்த ஒரு ரகத்தில், இரும்பு அதிகமுள்ள செடிகளாகப் பார்த்துப் பொறுக்கியெடுத்தது ஐதராபாத் அருகே பட்டஞ்சேருவிலுள்ள இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம். 2012இல் மகாராஷ்டிரத்தில் வெளியானது. கிலோவுக்குச் சுமார் 71 மில்லிகிராம் இரும்பு, 40 மில்லிகிராம் துத்தநாகம்.

சரி, விதை வாங்கியாயிற்று. தனசக்தி ஒட்டுக் கம்பு (ஹைபிரிட்) அல்ல, ரகம். அதனால் சொந்தமாக விதை எடுக்கலாம். ஆனால் கம்புக் கதிரில் பூவின் பெண் பாகமான சூல்முடி முந்திக்கொண்டு வெளியே வரும், மகரந்தம் பிந்தித்தான் உதிரும். அந்த இடைவெளியில் பக்கத்து வயல் மகரந்தம் ஏறிவிடும். சான்று விதைக்கே வேறு கம்பு வயலிலிருந்து 200 மீட்டர் தள்ளியிருக்கச் சொல்கிறார்கள். வரப்புக்கு அந்தப் பக்கம் வேறு கம்பு நிற்கும்போது ஓரத்துக் கதிரை விதைக்கு அறுத்தால், நாலு போகத்தில் பெயர் மட்டும்தான் தனசக்தி. கண்ணுக்கு அழகான இரண்டே கதிரை எடுப்பதும் தப்பு, வயலின் நடுவிலிருந்து நிறையக் கதிர்கள் வேண்டும்.

என்னைக் கேட்டால், பெரிய நஷ்டம் வயலில் இல்லை, அடுப்படியில்தான். வெள்ளையாக வேண்டும் என்று மில்லில் நன்றாகத் தீட்டினால், மேல்தோலோடும் முளையோடும் இரும்பில் ஒரு பங்கு தவிட்டுக்குப் போகிறது. மிச்சமிருக்கும் இரும்பையும் மணியிலுள்ள ஃபைட்டிக் அமிலம் பிடித்துவைத்துக்கொள்ளும், முழுவதையும் உடம்பு எடுத்துக்கொள்ள விடாது. ஊறவைத்தால், முளைகட்டினால், புளிக்கவைத்தால் அந்த அமிலம் குறையும். இரவே கரைத்துப் புளித்த கூழ் வெறும் ருசிக்காக மட்டும் இல்லை என்பது இதில் தெரியும். தொட்டுக்கொள்ள நெல்லிக்காயோ மாங்காய்க் கீற்றோ இருந்தால் இன்னும் நல்லது, வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுக்கும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் நேர் எதிர்.

அப்புறம் மாவு. கம்பில் எண்ணெய் அதிகம், அரைத்த சில நாளிலேயே கசக்கத் தொடங்கும். மாதத்துக்கும் சேர்த்து அரைத்துவைத்து, கசக்கிறது என்று மாட்டுக்குக் கொட்டும் வீடுகள் உண்டு. நாலைந்து நாளைக்கு வேண்டியதை மட்டும் அரையுங்கள்.